பத்து மணிக்கு மேல் யாருடைய குழாய் இறங்குகிறது?

தொண்டிப் பக்கத்து வாசகர் கேட்டது, 17 ஏப்ரல் 2024

எங்கள் ஊரில் பள்ளிவாசல், மாதா கோவில், அம்மன் கோவில் மூன்றும் ஒரே தெருவில் இருக்கின்றன. ஒவ்வொருவருக்கும் ஒரு நேரம், ஒரு வழக்கம், ஒரு சத்தம். ஒருவரை அனுசரித்தால் இன்னொருவருக்கு அநியாயமாகப் படுகிறது. யாரையும் அனுசரிக்காவிட்டால் எல்லோருக்கும் கோபம். பல மதம் கலந்திருக்கிற ஊரில் 'சட்டம் எல்லோருக்கும் சமம்' என்பது நடக்கிற காரியமா?

17 ஏப்ரல், இரவு 9.50

நடக்கும். நடக்காமல் போவதற்கு மதம்தான் காரணம் என்று நினைக்கிறீர்கள். நான் பார்த்த காரணம் வேறு.

எனக்கு ஊர் ராமநாதபுரம் மாவட்டக் கடற்கரையில், மண்டபத்துக்கும் வேதாளைக்கும் இடையில். முப்பத்தொரு வருஷம் ராமநாதபுரத்தில் வக்கீல் குமாஸ்தாவாக இருந்தேன். 2012 ஆடி மாசம், ரம்ஜான் நோன்பும் கூடவே வந்த வருஷம். பெரிய கோவிலில் பாட்டுக் கச்சேரி இரவு ஒன்றரை வரை போனது. மாதா கோவில் திருவிழா நாடகம் பன்னிரண்டைத் தாண்டியது. பள்ளிவாசலில் தராவீஹ் என்கிற நோன்பு இரவுத் தொழுகை முடிந்து பயான், அதாவது மார்க்கச் சொற்பொழிவு, பதினொன்றரை வரை ஒலிபெருக்கிக் குழாயில் கேட்டது. யாரும் யாரையும் குறை சொல்லவில்லை.

அடுத்த வாரம் ஊருக்கு மேற்கே காலனியில் முப்பது வீடு சேர்ந்து அம்மனுக்கு முளைப்பாரி எடுத்தார்கள். பெண்கள் கும்மி கொட்டிக்கொண்டிருந்தபோது பத்து இருபதுக்குப் போலீஸ் ஜீப் வந்தது. இரண்டு குழாயையும் கழற்றி, ஆம்ப்ளிபயரை ஏற்றி, ரேடியோ செட் போட வந்த பையனையும் ஏற்றிக்கொண்டு போனார்கள். பத்துக்கு மேல் குழாய் கூடாது, அது சட்டம் என்றார்கள். சட்டம்தான். அவர்கள் பொய் சொல்லவில்லை.

மறுநாள் காலையில் அந்தக் காலனிப் பெண்களில் மூத்தவரான ஒரு அக்கா என் வீட்டு வாசலில் நின்றார். "தம்பி, எங்க ஆத்தாவுக்கு மட்டும்தான் மணி பத்தாகுமா?" என்று கேட்டார். இன்று வரை அதை மறக்க முடியவில்லை.

இதில் மதம் எங்கே இருக்கிறது, பாருங்கள். மூன்று மதத்துக்கும் ஒரே மாதிரி விட்டுக்கொடுத்தார்கள். காலனிக்காரர்கள் கும்பிடுவதும் பெரிய கோவில்காரர்கள் கும்பிடுவதும் அம்மனைத்தான். நிலையத்துக்குப் போன் போட ஆள் இல்லாத முப்பது வீட்டைத் தேடித்தான் சட்டம் வந்தது.

18 ஏப்ரல், காலை 7.15

சட்டம் என்ன சொல்கிறது என்று ஒருவர் கேட்டிருக்கிறார். 2000-ல் வந்த ஒலி மாசு விதிகள். இரவு 10 முதல் காலை 6 வரை ஒலிபெருக்கி கூடாது. குடியிருப்புப் பகுதியில் பகலில் 55 டெசிபல், இரவில் 45. ஆஸ்பத்திரி, பள்ளிக்கூடம், கோர்ட்டைச் சுற்றி 100 மீட்டர் அமைதிப் பகுதி. அதே 2000-ஆம் ஆண்டு ஆகஸ்டில் சென்னைக் கிறிஸ்தவ சபை ஒன்றின் வழக்கில் சுப்ரீம் கோர்ட், அடுத்தவர் நிம்மதியைக் கெடுத்து ஒலிபெருக்கி வைத்துக் கும்பிட எந்த மதமும் சொல்லவில்லை என்று தீர்ப்பளித்தது. 2005 ஜூலையில் இன்னொரு தீர்ப்பு வந்து அதை இன்னும் இறுக்கியது.

ஆக, பத்துக்கு மேல் யாருக்கும் கிடையாது. விதிவிலக்கே இல்லை.

18 ஏப்ரல், மாலை

காலையில் எழுதியதில் கடைசி வரி தவறு. விதிவிலக்கு இருக்கிறது. பண்டிகை, திருவிழா நாட்களில் இரவு 12 வரை மாநில அரசு அனுமதிக்கலாம். வருஷத்துக்கு 15 நாளுக்கு மேல் போகக்கூடாது. எந்த நாள் என்பதை அரசு முன்கூட்டியே சொல்ல வேண்டும்.

இந்தப் பதினைந்து நாள் காலனி முளைப்பாரிக்கு என்றைக்காவது கிடைத்திருக்கிறதா என்று யோசித்துப் பார்க்கிறேன். விதிவிலக்கைக் கேட்க வேண்டும் என்று தெரிந்திருப்பதே ஒரு வசதி. பெரிய கோவில் நிர்வாகத்தில் தெரியும், பள்ளிவாசல் ஜமாத்தில் தெரியும், மாதா கோவில் பங்குப் பேரவையில் தெரியும்.

அப்புறம், காலை ஆறு மணிக் கணக்கை யாரும் பேசுவதே இல்லை. விடியல் தொழுகைக்கு அழைக்கிற சுபுஹு பாங்கும், மார்கழி நாலரை மணிப் பாட்டும், மாதா கோவில் விடியற்காலைச் செபமும் ஆறுக்கு முன்னாலேயே வந்துவிடுகின்றன. மூன்றும் எனக்குப் பிடித்த சத்தங்கள். அதற்காக அவை சட்டத்துக்கு உட்பட்டவை என்று சொல்ல மாட்டேன். எல்லாக் குழாயும் ஒரு நாள் இறங்கினால் வடகடல் அலைச் சத்தம் ஊருக்குள் கேட்கும் என்று பாம்பன்காரர் ஒருவர் கீழே எழுதியிருக்கிறார். எனக்கும் அந்த ஆசை உண்டு.

20 ஏப்ரல், இரவு

நேற்று ஓட்டுப் போட்டுவிட்டு வரிசையில் நின்றவர்களோடு இதையேதான் பேசிக்கொண்டிருந்தோம். அந்த அக்கா வந்த பிறகு என்ன நடந்தது என்று ஒருவர் விடாமல் கேட்கிறார், சொல்கிறேன்.

அவரை எங்கள் வக்கீல் ஐயாவிடம் கூட்டிப் போனேன். ஐயா எல்லாவற்றையும் கேட்டுவிட்டுச் சொன்ன பதில் எனக்கு அன்று கசப்பாக இருந்தது. "அவங்களை விட்டீங்க, எங்களையும் விடுங்க" என்று கோர்ட்டில் கேட்க முடியாது. அரசியல் சாசனத்தில் சமத்துவம் பற்றிய 14-ஆம் பிரிவு சட்டத்துக்கு உட்பட்டதைத்தான் சமமாகத் தரும், தப்பைச் சமமாகப் பங்கு வைக்காது. சுப்ரீம் கோர்ட் இதைத் திரும்பத் திரும்பச் சொல்லியிருக்கிறது. சண்டிகர் நிர்வாகத்தின் 1995 வழக்கை ஐயா எடுத்துக் காட்டினார். இன்னொருவருக்கு அதிகாரி சட்டத்தை மீறிச் சலுகை செய்தார் என்பதற்காக அதே சலுகையை நீ உரிமையாகக் கேட்க முடியாது.

அப்படியானால் அக்காவுக்கு வழி என்ன? எல்லோர் மீதும் சட்டத்தைப் போடு என்று அதிகாரிக்கு உத்தரவிடக் கேட்டு ஹைகோர்ட்டில் ஒரு ரிட் மனு போடலாம். அதைப் போட்டால் மறுநாளே பெரிய கோவில், பள்ளிவாசல், மாதா கோவில் மூன்றுக்கும் அவர் எதிரி. காலனிக்காரர்கள் பெரிய கோவில் ஆட்களின் படகில்தான் கூலிக்குப் போகிறார்கள். குழந்தைகள் மாதா கோவில் பள்ளியில் படிக்கிறார்கள். அவசரத்துக்குக் கைமாற்று கொடுப்பது மரைக்காயர் தெருவில். யாரைக் காட்டிக் கொடுப்பார்?

சமமாக நடத்து என்று கேட்கிற உரிமை ஏட்டில் எல்லோருக்கும் இருக்கிறது. ஆனால் அடிபட்டவர் அதைக் கேட்க வேண்டுமானால் அண்டை வீட்டார் மீது கை நீட்ட வேண்டியிருக்கிறது. அவர் பேசாமல் இருந்துவிடுகிறார். எல்லாம் சுமுகமாகப் போகிறது என்று அதிகாரி எழுதிக்கொள்கிறார். எங்கள் ஊரில் மத நல்லிணக்கம் என்று பேப்பரில் வந்த செய்திகளில் பாதி இப்படி எழுதப்பட்டவைதான் என்று எனக்கு ஒரு சந்தேகம் உண்டு. மீதிப் பாதி உண்மையானது. அதையும் சொல்லத்தான் வேண்டும், கடைசியில் வருகிறேன்.

21 ஏப்ரல்

நேற்று விட்டுப்போனது. ஐயா மேசையில் பழைய அமெரிக்க வழக்கு ஒன்றின் நகல் எப்போதும் கிடக்கும். 1886, சான் பிரான்சிஸ்கோ. மரக் கட்டடத்தில் சலவைக் கடை நடத்த நகர சபை அனுமதி வேண்டும் என்று ஒரு விதி. விதியில் சீனர் என்ற சொல்லே கிடையாது. அனுமதி கேட்ட சீனர்கள் 200 பேருக்கும் மறுப்பு. சீனர் அல்லாத 80 பேரில் ஒருவரைத் தவிர எல்லோருக்கும் அனுமதி. விதி பார்க்க நேர்மையாக இருந்தாலும் அதைப் போடுகிற கை ஓரவஞ்சனை செய்தால் அது சமத்துவ மறுப்புத்தான் என்று அந்தக் கோர்ட் சொன்னது.

இங்கே 1952-ல் அன்வர் அலி சர்க்கார் வழக்கு. எந்த வழக்கை வேண்டுமானாலும் தனி நீதிமன்றத்துக்கு அனுப்பலாம் என்று மேற்கு வங்க அரசு தனக்கே அதிகாரம் கொடுத்துக்கொண்டது. எதை அனுப்புவது, எதை விடுவது என்பதற்கு அளவுகோல் இல்லை என்று சுப்ரீம் கோர்ட் அதை ரத்து செய்தது. அதைப் படிக்கும்போதெல்லாம் எனக்குப் பத்து இருபதுக்கு வந்த ஜீப்தான் கண்ணில் நிற்கும்.

24 ஏப்ரல்

"எல்லோருக்கும் ஒரே விதி என்று வைத்துவிட்டால் பிரச்சினை தீர்ந்தது, இதற்கு ஏன் இவ்வளவு எழுத்து?" என்று சாயல்குடியிலிருந்து ஒரு தம்பி எழுதியிருக்கிறார். தம்பி, நீங்கள் கடற்கரைப் பக்கம்தானே. இப்போது மீன்பிடித் தடைக்காலம், ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள். விசைப்படகு கரையில் நிற்கிறது, நாட்டுப்படகு போய்வருகிறது. இது ஒரே விதியா? 1983 மீன்பிடிச் சட்டப்படி கரையை ஒட்டிய கடல் நாட்டுப்படகுக்கு. விசைப்படகு அதற்கு அப்பால்தான் மடி வலை இழுக்க வேண்டும். இரண்டு பேருக்கு இரண்டு விதி. ஆனால் நியாயம். இரண்டு பேருக்கும் ஒரே விதி போட்டிருந்தால் நாட்டுப்படகுக்காரன் வீட்டில் உலை கொதிக்காது.

அதனால் 'ஒரே மாதிரி' வேறு, 'சமம்' வேறு. ஏன் பிரித்தோம் என்பதற்குக் காரணம் இருக்க வேண்டும், அந்தக் காரணம் எல்லோரும் அறிய வெளியே இருக்க வேண்டும். குதிரைத்திறன் ஒரு காரணம். கரைத் தூரம் ஒரு காரணம். யாருக்கு யார் சொந்தம் என்பது காரணம் இல்லை.

இனி எங்கள் அம்மா கதை. அம்மா கடல் பாசி எடுத்தவர். விரலில் துணி சுற்றிக்கொண்டு, கண்ணாடி மாட்டி, தென்கடலில், அதாவது மன்னார் வளைகுடாவில் இருக்கிற தீவுகளைச் சுற்றி மூழ்கி மரிக்கொழுந்துப் பாசி எடுப்பார். 1986-ல் 21 தீவுகளும் கடல்சார் தேசியப் பூங்கா ஆயின. பவளப் பாறையைக் காப்பாற்ற வேண்டியதுதான். ஒரு காலத்தில் மண்டபம் கரையில் பவளக் கல்லைச் சுண்ணாம்புக்கும் வீட்டுக்கும் வெட்டி எடுத்ததைச் சின்ன வயதில் பார்த்தவன் நான். சட்டம் வந்தது தப்பு என்று ஒருநாளும் சொல்ல மாட்டேன். ஆனால் ஒரு நாள் ரோந்துப் படகு வந்து அம்மா போன வத்தை என்கிற சிறு படகைப் பிடித்தது. ஏழு பெண்கள். அன்றைய பாசி முழுவதும் போனது, அபராதமும் கட்டினார்கள். அதே வாரம் ஒரு விசைப்படகு கரையிலிருந்து ஒரு மைலுக்குள் வந்து இழுத்ததில் எங்கள் மாமாவின் நண்டு வலை கந்தலாகப் போனது. நாங்கள் படகு நம்பரோடு எழுதிக் கொடுத்தோம். பதில் இல்லை.

வத்தையில் இருந்த ஏழு பேரில் இரண்டு பேர் முஸ்லிம், ஒருவர் கிறிஸ்தவர், மற்றவர்கள் இந்துக்கள். அபராத ரசீது ஏழும் ஒரே மாதிரி. அந்த விசைப்படகு முதலாளி என்ன மதம் என்று நான் சொல்லவில்லை, சொன்னால் இந்தப் பேச்சு அந்தப் பக்கம் ஓடிவிடும்.

24 ஏப்ரல், பின்னிரவு

தூக்கம் வரவில்லை, இன்னும் ஒன்று. வடகடலில், அதாவது பாக் நீரிணைப் பக்கம், வாரத்துக்கு மூன்று நாள் விசைப்படகு, நான்கு நாள் நாட்டுப்படகு என்று பல காலமாக முறை இருக்கிறது. பல அடிதடிக்குப் பிறகு உட்கார்ந்து பேசி வந்த முறை அது. பாசி எடுக்கும் பெண்களும் மாசத்துக்கு 12 நாள் மட்டும் போவது என்று தங்களுக்குள் கட்டுப்பாடு வைத்துக்கொண்டார்கள். அந்தப் பெண்களை வழிநடத்திய பாம்பன் சின்னப்பாலத்துப் பெண் ஒருவருக்கு 2015-ல், தீவுகளைக் காப்பவர்களுக்கு வெளிநாட்டு அமைப்பு தருகிற சீகாலஜி விருது கிடைத்தது. தாங்களும் உட்கார்ந்து பேசி எழுதிய விதியை ஜனங்கள் மதிக்கிறார்கள். கைக்குத் தகுந்தபடி வளைகிற விதியைத்தான் மதிப்பதில்லை.

2 மே

ஒரு திருத்தம். வீட்டில் பேசும்போது நான் "14-ஆம் பிரிவு குடிமக்கள் எல்லோருக்கும் சமத்துவம் தருகிறது" என்று சொல்லியிருக்கிறேன். என் மகள் அரசியல் சாசனத்தை எடுத்து வைத்துத் திருத்தினாள். அந்தப் பிரிவில் குடிமக்கள் என்ற சொல் இல்லை. இந்திய எல்லைக்குள் 'எந்த நபருக்கும்' சட்டத்தின் முன் சமத்துவத்தை அரசு மறுக்கக் கூடாது. 31 வருஷம் கோர்ட் வாசலில் நின்றவன் இதைத் தப்பாகச் சொன்னேன். வருத்தம்தான்.

இந்த ஒரு சொல்லின் கனம் தெரிய மண்டபம் முகாமுக்குப் போக வேண்டும். வெள்ளைக்காரன் காலத்தில் இலங்கைத் தோட்டங்களுக்குக் கூலியாட்களை அனுப்பும் முன் தனிமைப்படுத்தி வைத்த இடம். 1983-க்குப் பிறகு இலங்கையிலிருந்து படகில் அகதிகளாக வந்து இறங்கிய குடும்பங்கள் அங்கே மூன்றாவது தலைமுறையாக இருக்கின்றன. 2021 முதல் பெயர் மறுவாழ்வு முகாம். குடியுரிமைத் திருத்தச் சட்டம் 2019-ல் வந்து, விதிகள் போன மார்ச் 11-ஆம் தேதிதான் வெளியாயின. பாகிஸ்தான், வங்கதேசம், ஆப்கானிஸ்தான் ஆகிய மூன்று நாட்டிலிருந்து 2014 முடிவதற்குள் வந்த ஆறு மதத்தாருக்குக் குடியுரிமை பெற வழி. அந்த ஆறில் இந்துவும் கிறிஸ்தவரும் உண்டு. எங்கள் முகாமில் இருக்கிற இந்துவுக்கும் கிறிஸ்தவருக்கும் இல்லை, இலங்கை அந்தப் பட்டியலில் இல்லாததால். அந்த ஆறில் முஸ்லிம் இல்லவே இல்லை. பிரிப்பதற்குக் காரணம் வேண்டும் என்று போன வாரம் எழுதினேன். இந்தப் பிரிவினைக்கு அரசு சொல்கிற காரணம் எனக்குப் போதவில்லை.

முகாமில் ஒரு வாத்தியார் எனக்கு நெடுநாள் பழக்கம். 1987 ஜூலை 1-க்கு முன் இந்திய மண்ணில் பிறந்தவர் பிறப்பாலேயே குடிமகன், அதற்குப் பின் பிறந்தவருக்குப் பெற்றோரில் ஒருவராவது குடிமகனாக இருக்க வேண்டும். அவர் வீட்டில் மூத்தவள் ஒரு பக்கம், இளையவன் மறு பக்கம். ஒரே வயிற்றுப் பிள்ளைகள்.

11 மே

கல்யாணம், சொத்து போன்றவற்றில் எல்லா மதத்துக்கும் ஒரே சட்டம் என்கிற பொது சிவில் சட்டம் பற்றிக் கேட்டு எட்டுப் பேர் எழுதிவிட்டீர்கள். நான் தள்ளிப் போட்டதற்குக் காரணம், எனக்கே இதில் இரண்டு மனசு.

அரசியல் சாசனத்தின் 44-ஆம் பிரிவில் வழிகாட்டு நெறியாக இருக்கிறது, அது வரட்டும் அல்லது வராமல் போகட்டும், நான் பார்த்ததைச் சொல்கிறேன். தமிழ்நாட்டில் இந்துப் பெண்ணுக்குப் பூர்வீகச் சொத்தில் சம பங்கு 1989-லேயே வந்துவிட்டது. மத்தியச் சட்டம் 2005-ல்தான். ஏட்டில் இதைவிடச் சமம் கிடையாது. ஆனால் எங்கள் அலுவலகத்தில் தயாரான விடுதலைப் பத்திரங்களை, அதாவது சொத்துப் பங்கை விட்டுக்கொடுக்கும் பத்திரங்களை, நான் எண்ணியதில்லை, இருநூறுக்குக் குறையாது. அப்பா செத்துப் பதினாறாம் நாள் காரியம் முடிந்ததும் அண்ணன் தம்பிகள் தங்கச்சியைக் கூட்டி வருவார்கள். "சீர் செஞ்சாச்சு, கல்யாணம் பண்ணியாச்சு" என்பார்கள். அந்தப் பெண் தலையைக் குனிந்துகொண்டே கையெழுத்துப் போடும். தாய்வீட்டு வாசல் அடைபட்டுவிடக் கூடாது என்ற பயம். அங்கே நானும் பேனாவை நீட்டியவன்தான். என் அக்காவும் அப்படி ஒரு பத்திரத்தில் கையெழுத்துப் போட்டவள். 1998-ல், எனக்காக. ஆறு வருஷத்துக்கு முன்னால் அந்த நிலத்தில் அவள் பங்கை அவள் பேருக்கே எழுதிக் கொடுத்தேன். முதலில் வேண்டாம் என்றாள், அப்புறம் அழுதாள்.

கீழக்கரையில் பாருங்கள். ஷரீஅத்படி மகளுக்கு மகனின் பங்கில் பாதி. கேட்டவுடன் குறைவு என்று தோன்றும். ஆனால் அங்கே வீடு மகளுக்குத்தான் எழுதி வைப்பார்கள், மாப்பிள்ளை பெண் வீட்டுக்கு வருவார். மூன்று மகள் இருந்தால் மூன்று வீடு கட்டி முடிக்கும்வரை அப்பா, அங்கே சொல்கிறபடி வாப்பா, கப்பலில், கடையில், சவுதியில் உழைப்பார். அந்த வழக்கத்தில் வாப்பாவின் முதுகு ஒடிகிறது, அதுவும் உண்மை. ஆனால் கணவன் கோபித்துக்கொண்டால் வீட்டை விட்டுப் போக வேண்டியது அவன்தான்.

ஆக எந்தச் சட்டம் வந்தாலும், அந்தப் பெண்ணைத் தனியாக உட்காரவைத்து "உனக்கு இதில் என்ன பங்கு, தெரியுமா?" என்று கேட்க ஓர் ஆள் வேண்டும். அந்தக் கேள்வியைக் கேட்காமல் பத்திரத்தைப் பதிவு செய்கிற வரைக்கும் நான் எந்தச் சிவில் சட்டத்துக்காகவும் கொடி பிடிக்க மாட்டேன்.

19 மே

"அரசாங்கம் மத விஷயத்தில் கை வைக்காமல் இருந்தாலே போதும், ஜனங்கள் பார்த்துக்கொள்வார்கள்." தேவிபட்டினம் வாசகர் எழுதியது. பல வருஷம் நானும் இப்படித்தான் நினைத்தேன். 2001 ஆகஸ்ட் 6 அன்று அந்த நினைப்பு போனது.

அன்று விடியற்காலையில் ஏர்வாடி தர்காவைச் சுற்றியிருந்த தனியார் மனநலக் காப்பகம் ஒன்றின் கொட்டகையில் தீப்பிடித்தது. நோயாளிகளைச் சங்கிலியில் கட்டி வைத்திருந்தார்கள். ஓட முடியவில்லை. 28 பேர் இறந்தார்கள். நான் கோர்ட்டுக்குப் போய் இறங்கியபோது எல்லோரும் கூட்டம் கூட்டமாக நின்று அதையே பேசிக்கொண்டிருந்தார்கள். எங்கள் வக்கீல் ஐயா அன்று ஒரு வழக்குக் கட்டைக்கூடப் பிரிக்கவில்லை.

1987-லேயே மனநலச் சட்டம் இருந்தது. இப்படிப்பட்ட இடங்களுக்கு உரிமம் வேண்டும் என்று அதில் இருந்தது. தர்கா வேறு, சுற்றி முளைத்த அந்தக் காப்பகங்கள் வேறு. ஆனால் எல்லாவற்றையும் சேர்த்து 'நம்பிக்கை விஷயம்' என்று தள்ளி வைத்துவிட்டோம். அரசாங்கத்தை மட்டும் சொல்லவில்லை, தர்காவின் சந்தனக்கூட்டுத் திருவிழாவுக்கு வருஷா வருஷம் போய்வந்த எங்களையும் சேர்த்துத்தான். சங்கிலியை நானும் பார்த்திருக்கிறேன். பார்த்துவிட்டு நடந்திருக்கிறேன். மனநோயாளிகளைக் கூட்டிக்கொண்டு ஏர்வாடிக்கு எல்லா மதத்துக் குடும்பமும் வரும். விட்டுவிட்டுப் போகப்பட்டவர்களுக்கு மதமும் உதவவில்லை, சட்டமும் உதவவில்லை. தள்ளி நிற்பதை மரியாதை என்று நாங்கள் நினைத்துக்கொண்டோம்.

சுப்ரீம் கோர்ட் தானாக வழக்கை எடுத்தது, காப்பகங்கள் மூடப்பட்டன. 2017 மனநலச் சட்டத்தின் 95-ஆம் பிரிவு எந்த விதத்திலும் சங்கிலி போடக் கூடாது என்கிறது. பிறகு தர்காவிலேயே துவா என்கிற பிரார்த்தனையும் மருந்தும் சேர்ந்து கிடைக்க வழி செய்தார்கள். நம்பிக்கையை யாரும் பறிக்கவில்லை. சட்டம் உள்ளே வந்ததால் தர்காவுக்கு ஒரு குறையும் வரவில்லை.

20 மே

தேவிபட்டினத்துக்காரர் விடவில்லை. "அந்தக் காலத்தில் வழக்கம்தான் சட்டம், எல்லோரும் ஒற்றுமையாகத்தான் இருந்தார்கள்" என்கிறார். அந்தக் காலத்துக் கமுதியை அவருக்கு ஞாபகப்படுத்துகிறேன். 1897-ல் நாடார்கள் கமுதி மீனாட்சி சுந்தரேசுவரர் கோவிலுக்குள் போனார்கள். சேதுபதி ஜமீன் சார்பில் வழக்கு. அன்றைய கடைசி அப்பீல் கோர்ட்டான லண்டன் பிரிவி கவுன்சில் வரைக்கும் போய் 1908-ல் வழக்கம்தான் ஜெயித்தது. கோவிலுக்குள் வர உங்களுக்கு உரிமை இல்லை என்று தீர்ப்பு. கதவு திறக்க 1939, 1947 கோவில் நுழைவுச் சட்டங்கள் வர வேண்டியிருந்தது. வழக்கத்தை யார் சாட்சி சொல்லி நிரூபித்தார்கள் என்று யோசியுங்கள். உள்ளே இருந்தவர்கள்தான்.

என் மேல் கோபம் வேண்டாம். உங்கள் ஊர் நவபாஷாணத்துக்கு என் அப்பாவுக்குத் திதி கொடுக்க ஆடி அமாவாசைக்கு வருவேன். பார்த்துப் பேசலாம்.

9 ஜூன்

இருபது நாள் எழுத முடியவில்லை, பேத்திக்குக் காய்ச்சல். இப்போது தேவலை.

நல்லிணக்கத்தில் உண்மையான பாதியைக் கடைசியில் சொல்கிறேன் என்றேன். ரிட் மனு வேண்டாம் என்று அக்கா சொன்ன பிறகு ஐயா ஒரு யோசனை சொன்னார். யாரையும் பிடி என்று கேட்காதே, யாரையெல்லாம் விட்டாய் என்று மட்டும் கேள். தகவல் உரிமைச் சட்டத்தில் ஒரு மனு எழுதினேன். பத்து ரூபாய் கோர்ட் பீ ஸ்டாம்ப். அந்த ஆடி மாசத்தில் ஒலிபெருக்கிக்கு எத்தனை பேர் அனுமதி கேட்டார்கள், எத்தனை மணி வரை கொடுத்தீர்கள், எத்தனை இடத்தில் பறிமுதல்? முப்பது நாளில் பதில் வந்தது. அனுமதி மூன்று, மூன்றும் இரவு பத்து வரை. பறிமுதல் ஒன்று.

அந்தத் தாளை எடுத்துக்கொண்டு அக்காவோடு முதலில் போனது ஜமாத்துக்கு. அங்கே செயலாளராக இருந்த பெரியவர், காக்கா (அண்ணன்) என்றுதான் கூப்பிடுவோம், தாளை இரண்டு தடவை படித்தார். "நாங்க பதினொன்றரை வரைக்கும் பேசுனோமே" என்றார். வேறு ஒன்றும் சொல்லவில்லை. மறுநாள் தாசில்தார் கூட்டிய சமாதானக் கூட்டத்தில் அவரே எழுந்து, எங்களை விட்டதைப் போல அவர்களை விடுங்கள் என்று கேட்க மாட்டேன், எங்களையும் பத்து மணிக்கு நிறுத்துங்கள் என்றார். பெரிய கோவில்காரர்கள் முகம் மாறியது. மாதா கோவில் சாமியார், அடுத்த வருஷம் நான்கு பேரும் சேர்ந்தே அனுமதிக்குப் போவோம் என்றார். போனார்கள். அனுமதிப் பட்டியல் நிலையத்து அறிவிப்புப் பலகையில் ஒட்டப்பட்டது. காலனி பேரும் அதில் இருந்தது, நான்காவதாக.

பட்டியல் இரண்டு வருஷம் ஒட்டினார்கள். அப்புறம் அதிகாரி மாறினார். போன மாசம் போய்ப் பார்த்தேன், பலகையில் வேறு ஏதோ பழைய நோட்டீஸ் மஞ்சளாகிக் கிடக்கிறது. காக்கா இறந்து ஐந்து வருஷம் ஆகிறது. புது மனு எழுதிக்கொண்டிருக்கிறேன்.

இந்த மனுவைக் குடிமக்கள்தான் போட முடியும். முகாம் வாத்தியார் போட முடியாது. அவருக்காக அவருடைய மூத்த மகள் போடலாம்.

15 ஜூன், காலை

நேற்று இரவோடு தடைக்காலம் முடிந்தது. படகுத்துறையில் டீசல் வாசனை.

ஆம்ப்ளிபயர் என்ன ஆனது என்று கேட்டவருக்கு: ஏழு மாசம் கழித்துக் கோர்ட் மூலம் திரும்பக் கிடைத்தது. உப்புக் காற்றில் உள்ளே துரு ஏறிவிட்டது. அந்தப் பையன் அதைப் பழுது பார்க்கக் கொடுத்த பணத்துக்கு யாரும் பொறுப்பேற்கவில்லை. இப்போது அவன் திருப்பூரில் இருக்கிறான்.

தொண்டிக்காரரே, மனுவின் நகலை அனுப்புகிறேன், பேரும் தேதியும் மாற்றிக்கொள்ளுங்கள். உங்கள் தெருவில் பள்ளிவாசல், மாதா கோவில், அம்மன் கோவில் மூன்றும் இருப்பதாக எழுதினீர்கள். நான்காவதாக, நீங்கள் எழுதாமல் விட்டது எது?